பழைய சர்வரும் நம் சங்கக் கணக்கும்

விதைக்கென்று எடுத்து வைத்த நிலக்கடலையை விதைப்பு நாள் வரை மூட்டையிலேயே நம்பியிருக்கும் குடியானவர் நம் பக்கத்தில் அரியர். பருவம் நெருங்கியதும் ஒரு கைப்பிடி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறதென்று பார்த்த பிறகே காட்டில் ஏர் பூட்டுவர். இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்த வழக்கமன்று. ஒருமுறை முளைக்காமற் போன விதையினால் ஒரு வெள்ளாமையையே இழந்த பாட்டன்மார் விட்டுச் சென்ற எச்சரிக்கை அது. ஆனால், அதே குடியானவரின் பங்குத் தொகை, வைப்புத் தொகை, பயிர்க் கடன், நகைக் கடன் ஆகிய அனைத்திற்கும் ஆதாரமான சங்கக் கணக்கின் காப்புப் பிரதியை யாரேனும் இவ்வாறு முளை கட்டிப் பார்த்ததுண்டா? இக்கேள்வி நமக்கு எழுந்தது 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில். எழுந்த விதத்தைச் சொல்லுகிறோம்.

பொள்ளாச்சிக்கு அணித்தே உள்ள ஒரு கடன் சங்கம். பெயர் வேண்டுவதில்லை, இதைப் படிக்கும் பலருக்கும் தம் சங்கமோ என்று தோன்றும் அளவுக்குப் பொதுவான நிலைமைதான் அங்கே இருந்தது. 2011இல் வாங்கிய சர்வர் ஒன்று, அதாவது மற்றக் கணிப்பொறிகளுக்கெல்லாம் கணக்கை வைத்து வழங்கும் தலைமைக் கணிப்பொறி, மேலாளர் அறையின் மூலையில், ஒரு பழைய தறித்துண்டு போர்த்தப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதனுள் இருந்த ஆதார மென்பொருள் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. நாள்தோறும் மாலை ஆறு மணிக்குக் கணக்கு முழுவதும் ஒரு வெளி வட்டில் படியெடுக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. தணிக்கைக்கு வந்தவர், கடைசிப் படியின் தேதி யாது என்று கேட்டார். திறந்து பார்த்தார்கள். ஆனி மாதத்துத் தேதி இருந்தது. அதன் பிறகு நான்கு மாதக் காலத்திற்கு ஒரு படியும் இல்லை.

எழுத்தர் நேர்மையானவர், சுறுசுறுப்பானவர். அவர் நம்மிடம் சொன்னது இது: "தப்பு நடந்தா மெயில் வருமுங்க. ஒண்ணும் வரலை. அதனால சரியாத்தான் போகுதுன்னு இருந்துட்டோமுங்க."

இதைக் கேட்டு அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில், உலகப் புகழ் பெற்ற ஒரு நிறுவனமே இதே குழியில் விழுந்திருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று இரவு, களைத்திருந்த பொறியாளர் ஒருவர் தவறான யந்திரத்தில் தரவுகளை அழித்துவிட்டார். காப்புக்கென்று ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தில் ஒன்றும் நம்பத் தக்கதாக இல்லை. அவற்றுள் ஒன்றின் கதை நமக்கு மிக நெருக்கமானது. அவர்களது தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இருந்தது. இரண்டும் பொருந்தாமையால் ஒவ்வொரு முறையும் படியெடுப்பு தோல்வியுற்றது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், முறையான அடையாளக் குறி இல்லாத காரணத்தால், சென்று சேராமல் மறுக்கப்பட்டன. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்திருந்த ஒரு படி கிடந்ததனால் தப்பித்தார்கள். நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனம் உலகறிய எழுதி வெளியிட்டது. அதற்காக அவர்களை நாம் மதிக்கிறோம்.

நம் சங்கத்திலும் நடந்தது இதன் மறுபதிப்பே. பழைய சர்வர், அஞ்சல் அனுப்புகையில் பயன்படுத்திய மறையாக்க முறை காலாவதியான ஒன்று. டிஎல்எஸ் என்று வழங்கும் அம்முறையின் 1.0, 1.1 பதிப்புகளை அஞ்சல் சேவைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வந்தன. 1.2ஆம் பதிப்பை 2008 ஆர்2 அறியும். எனினும் அதை நாமாக இயக்கி வைக்க வேண்டும். யாரும் இயக்கி வைக்கவில்லை. ஆகவே "தவறு நேர்ந்தது" என்று சர்வர் இரவுதோறும் கூவியது. அக்கூவல் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இனி, தவறு யாது என்பதற்கு வருவோம். சங்கத்தார் விரும்பியவாறு, பொள்ளாச்சியிலிருந்து வந்த தொழில் நுட்பர் ஒருவரோடு நாமும் மூன்று நாட்கள் அங்கே அமர்ந்திருந்தோம். வந்தவுடன் அவர் முதலிற் செய்த காரியம் நமக்கு வியப்பளித்தது. கோளாற்றைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சர்வரை நிறுத்தித் தொடங்கவும் விடவில்லை. "ரெண்டு வருசமா அணைக்காத மிசினுங்க. அணைச்சா எந்திரிக்குமோ என்னமோ" என்றார். தரவுத்தள மென்பொருளுக்கு உள்ளேயே தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. பேக்கப் மென்பொருளின் தயவை நாடாமல் அதைக் கொண்டு கணக்கு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, தம் மடிக்கணிப்பொறிக்கு மாற்றிக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுக் கணக்கு. அரை மணி நேரம் ஆகவில்லை. பிறகு அதே பதிப்புத் தரவுத்தளத்தை மடிக்கணிப்பொறியில் நிறுவி, அக்கோப்பைத் திறந்து, முதல் நாள் ரொக்கப் புத்தகத்தின் முடிவு இருப்போடு ஒப்பிட்டார். பைசா பிசகாமல் இருந்தது. அதன் பிறகே அவர் காப்பி குடித்தார்.

நோயாளியின் உயிரைப் பிடித்து வைத்த பிறகே நோயின் பெயரைத் தேடுவது என்னும் வைத்திய முறைதான் இது. எந்தச் சங்கத்தில் இத்தகைய கோளாறு நேர்ந்தாலும், மென்பொருளைப் பழுது பார்க்கும் ஆவலை ஒரு நாள் அடக்கி வைத்து, முதலில் கணக்கை வேறிடத்துக்குக் கொண்டு செல்லுமாறு அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டுகிறோம். பழுது பார்க்கப் புகுந்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர் பலர்.

முதற் காரணம் வட்டில் கிடைத்தது. பழைய வட்டு தேய்ந்துவிட்டதென்று ஆனியில் 4 டெராபைட் கொள்ளளவுள்ள புதிய வட்டு வாங்கியிருந்தார்கள். வட்டுகள் தரவைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து வைக்கின்றன. பழைய வட்டுகளில் ஒரு பாத்திக்கு 512 பைட். பெரிய வெளி வட்டுகள் பலவும் 4096 பைட் பாத்தியாகத் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. 2008 ஆர்2இன் உள்ளமைந்த பேக்கப் கருவிக்கு 512 தவிர வேறு கணக்கு தெரியாது. அன்றியும், அது எழுதும் படிக்கோப்பு 2 டெராபைட்டைத் தாண்டாது. பெரிய வட்டு என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கியதே வினையாயிற்று. கடைத்தெருவில் 1 டெராபைட் வட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, 512 பாத்தியைக் காட்டுவதுதானா என்று சோதித்து மாட்டியதும் இந்தத் தடை நீங்கியது.

ஆனால், வட்டு கெட்டது என்று எண்ணிய சங்கத்தார் இடைக்காலத்தில் புதிய பேக்கப் மென்பொருள் ஒன்றையும் விலை கொடுத்து வாங்கியிருந்தனர். அதை நிறுவப் போனால், "கையொப்பம் சரிபார்க்க இயலவில்லை" என்று சர்வர் மறுத்தது. கையொப்பம் என்றால் மேலாளர் கையொப்பமன்று. மென்பொருளை எழுதியவர் இன்னாரே, நடுவில் யாரும் திருத்தவில்லை என்பதற்கான மின்னணு முத்திரை. முன்பு ஷா-1 என்ற முறையில் முத்திரையிட்டு வந்தனர். அது உடைபடக் கூடியது என்று தெரிந்தபின் ஷா-2 முறைக்கு மாறினர். புது முத்திரையைப் படிக்கும் திறனை 2008 ஆர்2க்கு அளிக்கும் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2019 மார்ச்சில் வெளியிட்டது. நம் சர்வரில் அதற்கும் முன்பே திருத்தங்கள் போடுவது நின்று போயிருந்தது. அவற்றைத் தேடி நிறுவிய பின் முத்திரை ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டபின் மென்பொருள், "இந்த இயக்குதளத்தில் நான் ஓட மாட்டேன்" என்று மறுபடி மறுத்தது! விற்றவர் தம் பொருந்துபட்டியலில் 2008 ஆர்2ஐ நீக்கி நெடுநாளாயிற்று. வாங்கு முன் அப்பட்டியலை யாரும் பார்க்கவில்லை. அந்த இயக்குதளத்தை ஏற்ற கடைசிப் பதிப்பு எது என்று கேட்டுப் பெற்று நிறுவுவது ஒரு வழி. நம் அபிப்பிராயம் வேறு: பழைய மாட்டுக்குப் புதிய லாடம் கட்டும் அச்செலவு வீண். சர்வரில் முன்பே உள்ள கருவியும், தரவுத்தளத்தின் சொந்தப் படியெடுப்பும் இடைக்காலத்துக்குப் போதும்.

மூன்றாவது காரணம் நுட்பமானது. கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே படியெடுப்பது எளிதன்று. ஒருவர் பேரேட்டின் நாற்பதாம் பக்கத்தைப் பார்த்தெழுதுகையில் இன்னொருவர் முப்பதாம் பக்கத்தில் பதிந்துகொண்டிருந்தால், படி முழுவதும் முரணாகும். இதற்காக விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்றொரு சேவை உண்டு. அது ஒரு கணம் எல்லா எழுத்தர்களையும் பேனாவை உயர்த்தச் சொல்லி, அக்கணத்து நிலையை நிழலாகப் பிடித்து வைத்து, பின் எழுதச் சொல்கிறது. படியெடுப்பு அந்த நிழலிலிருந்து நடக்கிறது. ஏதேனும் ஓர் எழுத்தர் பேனாவை உயர்த்த மறுத்தால் படியே எழாது. யார் மறுக்கிறார் என்று காண, கறுப்புத் திரையில் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' என்று தட்டினால் பெயர்ப் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் கீழும் நிலையானது, பிழையில்லை என்று இருத்தல் வேண்டும். அங்கே அவ்வாறே இருந்தது. ஆயினும் படி எழவில்லை. ஒரு பகல் முழுவதும் இதிலே கழிந்தது. கடைசியில் கண்டது, யந்திரம் தொடங்குவதற்கென்று ஒதுக்கிய 100 மெகாபைட் சிறு பகுதியில் இடம் இல்லாமையே. இத்தகைய சிறு பகுதியில் நிழல் பிடிக்க 50 மெகாபைட்டாவது காலியாக இருக்க வேண்டும். இருந்ததோ 30க்கும் குறைவு. நூறு ஏக்கர் தோப்புக்கு நீர் பாயாமல் நின்றது, மடைவாயில் கிடந்த ஒரு மட்டையினால் என்பது போல. நிழலை வேறு பகுதியில் வைக்குமாறு ஏற்பாடு செய்ததும், அன்று மாலை ஆறு மணிப் படி முழுமையாக முடிந்தது.

இத்துடன் வேலை முடிந்ததென்று சங்கத்தார் மகிழ்ந்தனர். தொழில் நுட்பர் மகிழவில்லை, நாமும் மகிழவில்லை. படி எழுகிறது என்பதனால் யந்திரம் இளமையடைந்துவிடவில்லை. 2008 ஆர்2க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. 2012க்கும் 2012 ஆர்2க்கும் 2023 அக்டோபர் 10இல் முடிந்தது. சர்வர் 2016 வைத்திருக்கும் சங்கங்களுக்கு 2027 ஜனவரி 12 என்று கெடு குறித்திருக்கிறார்கள். மேசைக் கணிப்பொறிகளில் பரவியிருக்கும் விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவு நின்றது. ஆதரவு நின்றால் யந்திரம் நிற்பதில்லை, அதுதான் ஏமாற்றம். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை என்பதே பொருள். 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் பணயக் கள்ளன் சுமார் 150 நாடுகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, இரண்டு மாதம் முன்பே வெளிவந்த திருத்தத்தைப் போட்டவர்கள் தப்பினார்கள். ஆதரவு முடிந்த பழைய பதிப்புகளுக்கோ தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரத் திருத்தம் வந்தது.

அக்கள்ளன் புகுந்த வாயில் எஸ்எம்பி-1 என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறை. இது நெகமம் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் நாம் கண்ட வேறொரு சிக்கலை விளக்கும். அங்கே கூலிக் கணக்கு இன்னும் பழமையான சர்வர் 2003இல் இருந்தது. புதிதாக வாங்கிய வலைச் சேமிப்புப் பெட்டியோடு அது பேசவே மறுத்தது. காரணம், 2003க்கு எஸ்எம்பி-1 தவிர வேறு பாஷை தெரியாது. புதிய பெட்டி அந்தப் பாஷையைப் பாதுகாப்புக்காக மறந்திருந்தது. பெட்டியில் அப்பழைய முறையைத் திறந்து விடலாமே என்று ஒருவர் யோசனை கூறினார். வேண்டாம் என்றோம். கள்ளனுக்கெனக் கதவைத் திறந்து வைத்துப் படுப்பதற்கு ஒப்பாகும் அது. நடுவில் ஒரு கணிப்பொறியை வைத்து, கையில் எடுத்துச் செல்லும் வட்டினால் கோப்பை மாற்றிக்கொண்டார்கள். வேலை சற்று அதிகம், அதனால் என்ன?

நம் கூட்டுறவு உலகத்தில் இந்த அபாயம் எட்டாத தொலைவில் இல்லை. 2024 ஜூலை 31 அன்று, கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில் நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் பணயத் தாக்குதலுக்கு உள்ளானதாகத் தெரிந்து, தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதைத் தன் வலையிலிருந்து துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர் யூபிஐ முதலிய வழிகளில் பணம் எடுக்கவோ செலுத்தவோ இயலாது நின்றனர். மறுநாள் இணைப்பு மீண்டது. பணயக் கள்ளனைப் பற்றி ஒன்று மட்டும் அறிந்துகொள்ள வேண்டும்: அவன் சர்வரோடு மாட்டியிருக்கும் வெளி வட்டையும் சேர்த்தே பூட்டிவிடுவான். ஆகவே படியெடுத்த வட்டைக் கழற்றி எடுத்து வைத்தால்தான் அது காப்பு. கழற்றிய வட்டை அதே அறையில் வைத்தால் தீக்கும் மழைக்கும் இரையாகும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரத்து அரசாங்கத் தரவு மையத்தில் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள், வேறிடத்தில் படி இல்லாமையால், அழிந்து போயின. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேற்றிடத்தில் என்று தொழில் வல்லோர் சொல்லும் கணக்கு இதற்காகவே. பெட்டகம் உள்ள மத்திய வங்கிக் கிளை எந்தச் சங்கத்துக்கும் வெகு தூரத்தில் இல்லை.

சங்கக் கணக்குப் போனால் யாருக்கு நஷ்டம் என்று சில அங்கத்தினர் எண்ணக்கூடும். 2021 பிப்ரவரி 5ஆம் நாள், 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடியாகும் என்று தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. இன்னாருக்கு இவ்வளவு என்னும் பட்டியல் எங்கிருந்து எழுந்தது? அந்தந்தச் சங்கத்துப் பேரேட்டிலிருந்துதானே. நெசவாளர் விஷயத்தில் இன்னும் கண்கூடு: சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்திற்காக வாரந்தோறும் கூலியிற் பிடித்த சிறு தொகைகள், அதற்கு அரசாங்கம் சேர்த்த பங்கு, வட்டி ஆகியவை பல ஆண்டுக்குப் பின் ஒருவர் தறியை விட்டு இறங்கும் நாளில் ஒன்றாய் வர வேண்டும். இழை அறுந்தால் பிணைக்கலாம். அறுந்த இடம் தெரியாவிட்டால் என்ன செய்வது? ஆகையால் கையிலுள்ள பாஸ் புத்தகத்தை மாதம் ஒரு முறையேனும் பதிவு செய்து வாங்கி வைப்பதும் ஒருவகைக் காப்புப் பிரதியே என்று சொல்வோம். அது அங்கத்தினரின் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. எந்தக் கள்ளனும் அதைப் பூட்டுவதில்லை.

2022 ஜூன் 29இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கணினிமயத் திட்டத்தின்படி, 2,516 கோடி ரூபாய் மதிப்பில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை நபார்டு வழியாக ஒரே தேசிய மென்பொருளின் கீழ்க் கொண்டுவரும் வேலை தொடங்கியது. புது மென்பொருள் வந்துவிட்டதே, இனிப் பழைய சர்வர் எதற்கு என்று அதைப் பழைய இரும்புக்குப் போட எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. தறியில் புதுப் பாவு ஏற்றுகையில், பழைய பாவின் கடைசி இழைகளை அறுத்தெறிந்துவிட்டா தொடங்குகிறோம்? ஒவ்வோர் இழையாகப் பிணைத்து, எல்லாம் அச்சுக்குள் இழுபட்ட பிறகே பழையதை விடுகிறோம். புது மென்பொருளுக்கு மாற்றிய இருப்புகள் சரியா என்று ஒப்பிடவும், பின்னாளில் விசாரணை வந்தால் காட்டவும், பழைய ஆண்டுகளின் விவரம் முழுவதும் திறக்கக்கூடிய நிலையில் இருத்தல் அவசியம்.

நாம் சொல்லிவந்த சங்கத்தில் அதற்கும் வழி செய்தார்கள். நிழல் பிடிக்கும் சேவை சீரானபின், டிஸ்க்2விஹெச்டி என்னும் மைக்ரோசாப்டின் இலவசக் கருவியால் பழைய சர்வரை முழுவதுமாக ஒரு கோப்பாக்கி, புதியதொரு கணிப்பொறிக்குள் விருந்தாளியாக ஓட வைத்தார்கள். உரிம விதியைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. அதற்குரியவரிடம் கேட்டே செய்தார்கள். அந்த விருந்தாளிக்கு இணைய இணைப்பு இல்லை. பார்வைக்கு மட்டும் பயன்படுகிறது. மூலையிலிருந்த பழைய யந்திரத்தின் மேல் இப்போதும் அந்தத் தறித்துண்டு கிடக்கிறது. மின் இணைப்பு மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது.

அத்துடன் ஒரு புது வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. மாதத்தின் முதற் சனிக்கிழமை, சங்கத்துக்கு அலுவலாக வந்திருக்கும் அங்கத்தினர் யாரேனும் ஒருவரை அழைத்து, ஒரு டப்பாவிலிருந்து சீட்டு எடுக்கச் சொல்கிறார்கள். சீட்டில் ஓர் அங்கத்தினர் எண் இருக்கும். எழுத்தர், நடப்புக் கணக்கைத் தொடாமல், கழற்றி வைத்த வட்டிலிருந்து படியை வேறொரு கணிப்பொறியில் மீட்டெடுத்து, அந்த எண்ணுக்குரிய பேரேட்டைத் திறக்கிறார். இருப்பும் தேதியும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டு, நடப்புக் கணக்கோடு ஒப்பிடப்பட்டு, மேலாளர் ஒப்பமிடுகிறார். தைப் பொங்கலுக்குப் பின் நாம் சென்றிருந்த அன்று சீட்டெடுத்தவர் ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி. படி மீள நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் பெஞ்சியில் அமர்ந்து கொப்பரை விலையைப் பற்றி நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். பெயரும் தொகையும் திரையில் வந்ததும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "இது எந்தத் தேதிக் கணக்குங்க?" என்று கேட்டார். எழுத்தர் தேதியைச் சொன்னார். முந்தின நாள் மாலை ஆறு மணி.